ஒன்பதடி அறை

ஜூன் 8, ஞாயிறு

சிமென்ட் கடையில் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்று முதல் வீட்டு வேலையைப் பற்றி இதில் எழுதப்போகிறேன். நாளைக்கு யாராவது வந்து, "நீங்க அப்படிச் சொல்லலையே" என்று வாதம் செய்தால் எடுத்துக் காட்ட வேண்டும்.

முதல் பக்கத்தில் பெயரும் தொழிலும் எழுதக் கோடு போட்டிருக்கிறது. பெயர் பிச்சையா. தொழில், தென்காசியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியது. ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். தொழிலையும் யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன். மனையடிக் கணக்கையும் அப்படியே கற்றேன். நன்றாக வாழ்ந்தவர்கள் வீட்டையும் நொடித்துப்போனவர்கள் வீட்டையும் மோட்டார் மாட்டப் போகும்போது அளந்து பார்த்துவிடுவேன். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பாகம் பிரித்தபோது அப்பா வீட்டைத் தம்பிக்குக் கொடுத்தார், கடையை எனக்குக் கொடுத்தார். அது வாடகைக் கடை என்பதை அன்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அன்றிலிருந்து நானும் மனைவி கோமுவும் அடுத்தவர் வீட்டில்தான் குடியிருக்கிறோம். இப்போது கடையை விட்டாயிற்று. சாமான் விற்றது, சேர்த்து வைத்தது, ஓசூரில் வேலை பார்க்கும் மகன் சொரிமுத்து அனுப்பியது எல்லாம் சேர்ந்தால் ஒரு சிறிய வீடு வரும். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி. கடன் வாங்க மாட்டேன். இருப்பதற்குள் முடிய வேண்டும்.

ஆவணி ஆறாம் தேதி வாஸ்து நாள். அன்று பூஜை.

ஜூன் 11, புதன்

இன்ஜினீயர் ஜெபசெல்வி வரைபடத்தோடு வந்தாள். என் பேத்தி வயது இருக்கும். என்னை அண்ணாச்சி என்கிறாள்.

"படுக்கையறைக்கு உள்ளேயே பாத்ரூம் வச்சிருக்கேன், அண்ணாச்சி. அக்கா ஆசப்பட்டாங்க" என்றாள்.

"அறை எத்தன அடி வருது?"

"ஒம்பது."

நான் வரைபடத்தைச் சுருட்டி அவள் கையில் திரும்பக் கொடுத்தேன். ஒன்பது வீட்டுத் தலைவனின் ஆயுளுக்கு ஆகாது. இது நான் யாரிடமோ கேட்டுச் சொல்வதல்ல. ஒன்பதடி அறையில் படுத்து, பேரன் பேத்தி பார்க்காமல் போனவர்களின் வீடுகளை நானே அளந்திருக்கிறேன். பதினொன்று நல்லது. பத்து பரவாயில்லை.

"பத்து வச்சா பாத்ரூமுக்கு மூணரை அடிதான் மிஞ்சும். உள்ள போறவங்க அப்படியே பின்பக்கமாத்தான் வெளிய வரணும்" என்று சிரித்தாள்.

"பாத்ரூமே வேண்டாம். அறை பதினொண்ணு. கக்கூஸ் பின்னால தனியா, வாயு மூலையில."

அடுப்படியிலிருந்து கோமுவின் குரல் வந்தது. "ராத்திரி மழையில கொடையப் புடிச்சிட்டு நாந்தான போகணும்?"

"இத்தன வருசம் போகலையா?"

"போனேன். ரெண்டு முட்டும் போச்சு. வேற என்ன கேட்டேன் ஒங்ககிட்ட? மாடி கேட்டனா?"

மாடி கேட்கவில்லைதான். ஆனால் ஒன்று கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஜூன் 16, திங்கள்

நாள் நன்றாக இருந்ததால் வாயு மூலையில் கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டிவிட்டேன். இரண்டு ஆட்கள், ஒரு பகல். வீட்டுக்குக் கோடு போட்ட பிறகு வெட்டலாம் என்று ஜெபசெல்வி போனில் சொன்னாள். குழி முதலில் இருந்துவிட்டால் பிறகு யாரும் கக்கூஸை உள்ளே கொண்டுவர முடியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சுற்றி முள் வெட்டிப் போடச் சொன்னாள். நம் மனைக்குள் யார் வரப்போகிறார்கள்?

ஜூன் 24, செவ்வாய்

காலையில் ரேஷன் கடை. மண்ணெண்ணெய் நிறுத்திவிட்டார்கள் என்று திரும்பவும் சொன்னார்கள். போன வருடமே நிறுத்தியதாம். எனக்கு யார் சொன்னார்கள்?

மனையின் அகலத்தில் எனக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன் சுவர் கட்டும்போது அரை அடி தின்றிருக்கிறான். ஜெபசெல்வி அளந்ததை நம்ப மாட்டேன். நானே அளப்பேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கோமு போதும்.

ஜூன் 26, வியாழன்

கோமு கீழே விழுந்துவிட்டாள். சாரல் பெய்து தரை வழுக்கலாக இருந்தது. இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

ஜூன் 27, வெள்ளி

டாக்டர் வந்து, "எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கோமு சொன்னாள். "வீட்டுக்குப் பின்னால கக்கூஸ் படி இருக்கு டாக்டர். அதுல வழுக்கிட்டு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிச் சொல்லும்படி நான் சொல்லவில்லை. அது இங்கே எழுத்தில் இருக்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். சொரிமுத்து வந்துவிட்டான். வந்தவன் என்னிடம் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்தப் படிய எத்தன தடவ சொன்னேன் ஒங்ககிட்ட? பாசி பிடிச்சிக் கெடக்கு, அந்த வீட்டுக்கார பாய்கிட்ட சொல்லி உடைச்சிக் கட்டச் சொல்லுங்கன்னு சொன்னனா இல்லையா?"

சொன்னான். உண்மைதான்.

"வாடகைய மட்டும் மாசம் பொறந்ததும் வாங்கத் தெரியுதுல்லா அவருக்கு? இருங்க, நான் பேசுதேன்."

"ஏல, வேண்டாம்" என்றேன்.

"நீங்கதானப்பா எப்பவும் அவர்கூட சண்ட போடுவீய? இப்ப ஏன் வேண்டாங்கீய?"

சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மருந்துக் கடைக்குப் போகவேண்டியிருந்தது.

காம்பவுண்டுச் சுவர் இனி இல்லை. கூடத்துக்கு டைல்ஸும் இல்லை. அந்தப் பணம் இங்கே கட்டியாயிற்று.

ஜூலை 3, வியாழன்

வீட்டுக்காரர் மைதீன் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி. இவரோடு எனக்குப் பதினான்கு வருடச் சண்டை. தண்ணீருக்குச் சண்டை, மின்சார மீட்டருக்குச் சண்டை, முருங்கை மரத்துக்கும் சண்டை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எம்மேலதான் தப்பு, அண்ணாச்சி. தம்பி போன்ல சத்தம் போட்டான். நியாயந்தான. நேத்தே ஆள் விட்டு அந்தப் படிய உடைச்சிட்டேன். புதுசா, சொரசொரப்பா போட்டாச்சு. பிடிக்க ஒரு கம்பியும் வச்சிருக்கேன்."

கோமு, "எதுக்கு பாய் இதெல்லாம்" என்றாள்.

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலை அலமாரியில் வைத்தேன். பிறகு அதை எடுத்து உள்ளே தள்ளி வைத்தேன். அவர் போகும்வரை வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மனைக்குப் போய் அந்தக் குழியை மூடத் தொடங்கினேன். ஆள் வைக்கவில்லை. பாம்பு அடையும்.

ஜூலை 7, திங்கள்

குழி மூடும் வேலை இன்றும். இடுப்பு வலி. கோமுவிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கோமுவுக்கு முன்னறையில் கட்டில். வாக்கர் பிடித்து நாலு எட்டு நடக்கிறாள். பின்பக்கம் போகும் நடை குறுகலாக இருப்பதால் வாக்கரோடு போக முடியாது. பெட்பேன்தான். அதைக் கழுவுவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. வார்னிஷ் நாற்றத்தில் வாழ்ந்தவன் நான். அவளுக்குத்தான் பொருட்டு. நான் எடுத்துக்கொண்டு போகும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

கஞ்சி வைத்தேன். உப்பு கூடிவிட்டது. துவையல் அரைத்தேன், அதில் உப்பு போட மறந்துவிட்டேன். "ரெண்டையும் சேத்துச் சாப்ட்டா சரியா இருக்கு" என்றாள்.

ஜூலை 12, சனி

காலையில் வைத்த செம்புத் தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். தாகம் இல்லை என்றாள். நேற்றும் அப்படித்தான் சொன்னாள். உதடு வெடித்திருக்கிறது.

தண்ணீர் குடித்தால் என்னைக் கூப்பிட வேண்டிவரும். அதனால்தான் குடிக்கவில்லை. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எரிந்த மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே எந்தக் காயில் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ஜூலை 13, ஞாயிறு

சொரிமுத்து திரும்பவும் வந்திருந்தான். ஜெபசெல்வியையும் வரச்சொல்லியிருந்தேன். இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். படுக்கையறை பத்து அடி. உள்ளேயே மூன்றரை அடியில் ஒரு பாத்ரூம். நானாக இறங்கி வந்திருக்கிறேன், இதற்கு மேல் யாரும் என்னிடம் பேசக்கூடாது என்றேன்.

"நல்ல காலம் பொறந்திட்டு" என்றான் சொரிமுத்து.

ஜெபசெல்வி பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. "நேத்து மனைக்குப் போனேன், அண்ணாச்சி. குழிய மூடிட்டீங்க போல. அந்த மண்ணுல பாதி வெளிய தெரிஞ்சுது. அக்காவோடதா?"

நீல வார், ஒரு பக்கம் ஊக்கு குத்தியது. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத செருப்பு.

சொரிமுத்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அம்மா செருப்புல்லா இது? கக்கூஸ் படியில விழுந்தவ செருப்பு மனையில எப்படி வந்துச்சு?"

நான் செருப்பின் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் கோமு கட்டிலிலிருந்து.

"நாயா?"

"ஆமா. இந்தத் தெரு நாய்க்குச் செருப்புன்னா உயிரு."

"மனை ரெண்டு மைல் தள்ளி இருக்கும்மா."

"நல்லாத் தின்னு கொழுத்த நாய். நடக்கும்."

ஜெபசெல்வி சிரித்துவிட்டாள். சொரிமுத்து சிரிக்கவில்லை. செருப்பை என் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். ஓசூர் பஸ் ஏறும்வரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

செருப்பைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். இனி அவள் அதைப் போடக்கூடாது. தூக்கி எறியவும் கை வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

மைதீன் பாய் வீட்டுக்குப் போனேன். படி கட்டிய செலவை நான் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு, அண்ணாச்சி?"

"படி நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் என்னை உட்காரச் சொன்னார். பதினான்கு வருடத்தில் அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது முதல் தடவை. டீ வந்தது.

"தெரியும், அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் டேப்பை எடுத்துக்கிட்டு வீட்டப் பூட்டிட்டுப் போனத வாசல்லருந்து பாத்தேன். திரும்பி வரவேயில்ல. பொறவு ஆஸ்பத்திரின்னு சேதி வந்துச்சு."

"தெரிஞ்சுமா படிய உடைச்சீய?"

"தங்கச்சி படியிலன்னு சொல்லிட்டா. அது மாத்திச் சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் போய் இல்லைன்னு சாட்சி சொல்லணுமா? அதுவும் போக, படி பாசி பிடிச்சித்தான் கெடந்துச்சு. என்னைக்காவது ஒருத்தர் விழத்தான் போறாங்க."

பணம் வாங்கவில்லை. டீயில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்தேன்.

முருங்கை மரம் அவருடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வேறு விஷயம்.

ஜூலை 30, புதன்

கோமு வாக்கரோடு தெருவாசல் வரை போனாள். மருந்து மாற்றி எழுதியிருக்கிறார்கள். செங்கல்லுக்கு விலை கேட்டேன். சூளைக்காரன் என்னை ஏமாற்றப் பார்த்தான், நடக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முன்னறைத் தரையில் சாக்பீஸால் மூன்றரை அடிக்குக் கோடு போட்டேன். பாத்ரூம் எவ்வளவு வரும் என்று பார்க்க. கதவுக்கு ஒரு கோடு, பீங்கானுக்கு ஒரு கோடு. பிறகு வாக்கரை எடுத்து நானே நடந்து உள்ளே போனேன்.

கோமு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். "ஏங்க, ஒங்களுக்கும் எலும்பு முறிஞ்சிட்டா?"

உள்ளே போய்விட்டேன். திரும்ப முடியவில்லை. வாக்கரின் கால் கோட்டைத் தாண்டியது. வாக்கரை மடக்கிப் பார்த்தேன். மடக்கினால் பிடிக்க முடியாது. பக்கவாட்டில் நகர்ந்தேன், பீங்கான் கோட்டில் மிதித்தேன். ஜெபசெல்வி சொன்னபடி, அப்படியே பின்பக்கமாகத்தான் வெளியே வந்தேன்.

பின்பக்கமாக நான் வருவதைக் கோமு பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எதற்காகப் பொய் சொன்னாய் என்று அப்போதுதான் கேட்டேன். இத்தனை நாளும் கேட்கவில்லை.

"பின்ன என்ன சொல்ல? இவுக பின்னால போ, இன்னும் பின்னால போன்னாக, நானும் போனேன், இவுக வெட்டின குழியிலயே விழுந்தேன்னா? சொரிமுத்து ஒங்கள நார் நாராக் கிழிச்சிருப்பான்."

வாக்கரைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"அதுவும் போக, கக்கூஸ் படியில விழுந்தேன்னு சொன்னாலாவது எனக்கு ஒரு பாத்ரூம் கெடைக்காதான்னு பாத்தேன்" என்றாள். "வலியில கூட எனக்குப் புத்தி வேல செஞ்சிருக்கு, பாத்தீயளா?"

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதையும் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். குடித்தாள்.

அன்று டேப் தொய்ந்திருந்தது. தொய்ந்தால் அளவைக் கூடுதலாகக் காட்டும். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனையின் அகலத்தில் ஜெபசெல்வியின் அளவு சரி. அரை அடியை யாரும் தின்னவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜெபசெல்விக்குப் போன் செய்து ஒன்பது என்று சொன்னேன். "நெசமாவா, அண்ணாச்சி?" என்றாள். முதலில் வரைந்தது நீதானே, அதையே எடு என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மைதீன் பாய் இரண்டு வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

கையில் இருப்பதைக் கூட்டிப் பார்த்தேன். கூடத்துக்கு ஜன்னல் ஒன்றுதான் வரும். பெயின்ட் பிறகு. பாத்ரூமுக்குப் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, அகலக் கதவு. அதில் கை வைக்கக்கூடாது என்று ஜெபசெல்வியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆவணி ஆறு. காலையில் நல்ல வெயில்.

ஆட்டோவில் கோமுவைக் கூட்டிப்போனோம். சொரிமுத்து முந்தின நாளே வந்துவிட்டான். அம்மாவைத் தூக்கி இறக்கினான். மைதீன் பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தார் வாழைப்பழமும் கொண்டுவந்தார். பூஜைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும். கோமுவால் தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் அவள் உட்காரட்டும், நீங்கள் மணையில் உட்காருங்கள் என்றார் ஐயர். நானும் நின்றுகொண்டேன். மணை காலியாகவே கிடந்தது.

பூஜை முடிந்தது. செங்கல்லுக்கு மஞ்சள் தடவி அவள் கையால் எடுத்துக் கொடுத்தாள், நான் வைத்தேன். ஜெபசெல்வி சுண்ணாம்புத் தூளை எடுத்துக் கோடு போட வந்தாள். படுக்கையறையை மட்டும் நான் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றான் சொரிமுத்து.

டேப்பின் முனையைக் கோமுவிடம் கொடுத்தேன். நாற்காலி தெற்குச் சுவர் வரப்போகும் இடத்தில் இருந்தது. உட்கார்ந்தபடியே முனையைத் தரையில் ஊன்றிய கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "ஒம்பது ஒங்களுக்கு ஆகாதுல்லா? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீயளா? பத்தே வையுங்க. நான் எப்படியாவது சமாளிச்சிக்கிடுதேன்."

"நான் அளந்த வீடு கொஞ்சம். இன்னும் நெறைய அளந்து பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றேன்.

"இத்தன வருசமா உறுதியாத்தான சொன்னீய?"

"முனைய ஒழுங்காப் பிடி."

டேப்பை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. நான் இந்தத் தடவை எண்ணைப் பார்க்கவில்லை. ஜெபசெல்விதான் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். "ஒம்பது" என்றாள். சொரிமுத்து அங்கே ஒரு குச்சி அடித்தான்.

அதற்குப் பிறகு பாத்ரூம். இன்னும் நாலரை அடி. மூடின குழியின் ஓரம் வரை வரும்.

ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

"நில்லுங்க" என்றாள் கோமு.

நின்றேன். எல்லாரும் நின்றார்கள்.

"பின்னால பாத்துட்டு, பொறவு போங்க."

சொரிமுத்து என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மைதீன் பாய் அவன் தோளில் கை வைத்து, "தம்பி, பழத்த எல்லாருக்கும் குடு" என்றார். அவன் போனான்.

நான் திரும்பிப் பார்த்தேன். சமதரைதான். புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. பார்த்துவிட்டு, நாலரை அடி வரும்வரை போனேன்.

குழி இருந்த இடத்தில் மண் இன்னும் இறுகவில்லை. கால் கொஞ்சம் புதைந்தது. ஜெபசெல்வி கோடு போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.